ஐரோப்பிய நகரங்களில் நகரமும் தொழிலும் படிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசெல்ஸ், வியன்னா, கோபன்ஹேகன், மாட்ரிட் என்று நான்கு ஊர்களில் இரண்டு வருடம் நகரவியல் முதுகலை படித்தேன். நகரத்துக்குள்ளேயே நடக்கும் உற்பத்தித் தொழில்தான் நான் எடுத்துக்கொண்ட விஷயம். ஊர் திரும்பியதிலிருந்து தம்பி தங்கைகள் போனில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். தொகைகளும் விசா விதிகளும் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"அக்கா, இந்தப் படிப்புல என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க? டவுன் பிளானிங்கா, என்விரான்மென்டா?"

இரண்டும் உண்டு, கூடவே புவியியல், சமூகவியல், கொஞ்சம் பொருளாதாரம். ஒரு நகரம் எதை உண்கிறது, எதைக் கழிக்கிறது, அதற்குள் யாருக்கு வேலை கிடைக்கிறது, யாரால் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடிகிறது என்று பார்ப்பதுதான் படிப்பு. மரம் நடுவதும் சைக்கிள் பாதை போடுவதும் அதில் ஒரு பகுதி மட்டுமே.

2020 நவம்பரில் ஐரோப்பிய அமைச்சர்கள் கூடி 'புதிய லைப்சிக் சாசனம்' என்ற ஆவணத்தை ஏற்றார்கள். நல்ல நகரம் நீதியானதாக, பசுமையானதாக, உற்பத்தி செய்வதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த மூன்றாவது சொல்லுக்காகத்தான் நான் போனேன்.

"ஃபேக்டரின்னாலே புகை, சத்தம். அதை ஊருக்கு வெளியே தள்ளுறதுதானே நல்லது?"

ஐரோப்பாவும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நினைத்தது. உருக்காலையையும் ரசாயன ஆலையையும் குடியிருப்பை விட்டுத் தள்ளி வைத்தது சரிதான். ஆனால் அதே அலையில் பேக்கரி, அச்சகம், தச்சுப் பட்டறை, வண்டி பழுது பார்க்கும் இடம், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடம் எல்லாமே அடித்துக்கொண்டு போயின. கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலந்த கலவையை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். ஆலையை ஊருக்கு வெளியே வெகுதூரம் அனுப்பினால் லாரி நெரிசலில் நிற்கும், கலவை கெடும், டீசல் எரியும். பிரசெல்ஸில் கால்வாயின் வெர்கோட் துறையில் மணலும் ஜல்லியும் சரக்குப் படகில் வந்து இறங்குகின்றன. கரையிலேயே கலவை ஆலை. கொஞ்சம் தள்ளி அதே கால்வாயோரம் 140 மீட்டர் உயரக் குடியிருப்புக் கோபுரம் 2014-இல் எழுந்தது. குடிவருகிறவர்களுக்குத் தூசியும் லாரிச் சத்தமும் தொந்தரவு, ஊருக்கோ அந்த ஆலை வேண்டும். இந்த இழுபறியைத்தான் இரண்டு வருடமும் படிப்பீர்கள்.

பட்டறைகள் ஊரைவிட்டுப் போனதற்குப் புகையைவிட நில விலை பெரிய காரணம். ஒரே மனையில் பட்டறை தரும் வாடகையைவிட அடுக்குமாடி பல மடங்கு தரும். லண்டனில் 2001 முதல் 2015 வரை 1,300 ஹெக்டேருக்கு மேல் தொழில் நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போய்விட்டது. பிரசெல்ஸ் மக்கள்தொகை கூடியதால் 2013-இல் சில தொழில் பகுதிகளில் வீடு கட்ட அனுமதித்தது. தேவையான முடிவுதான், ஆனால் பட்டறைக்காரர்களுக்கு அன்றிலிருந்து வயிற்றில் புளி கரைகிறது.

சட்டமும் மாறி வருகிறது. ஜெர்மனி 2017-இல் 'நகர்ப்புறப் பகுதி' என்று புதிய நில வகை ஒன்றைக் கொண்டுவந்தது. அங்கே பகலில் 63 டெசிபெல் சத்தம் வரை அனுமதி. சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் 55 தான். ஒரு தச்சுப் பட்டறை ஊருக்குள் பிழைக்குமா இல்லையா என்பதை இந்த எட்டு டெசிபெல் முடிவு செய்யும்.

"நான் பி.இ. மெக்கானிக்கல். ஆர்க்கிடெக்சர் பசங்களைத்தானே எடுப்பாங்க?"

இல்லை. என் வகுப்பில் சமூகவியல், சிவில், அரசியல், இதழியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். கட்டட வரைகலை கட்டாயம் என்று சொல்லும் படிப்புகளும் உண்டு. அவை தகுதிப் பகுதியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும்.

மெக்கானிக்கல் படித்தவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பட்டறைக்குள் நுழைந்ததும் எந்த மெஷின் அதிரும், எது அதிராது, தரை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

"எந்த ஊர், எந்த கோர்ஸ்னு தலை சுத்துது. நாலு பேர் சொல்லுங்க."

பல ஊர்களில் படிக்க வேண்டுமென்றால் 'ஃபோர்சிட்டீஸ்' என்ற எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலை (பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு நடத்தும் படிப்பு) இருக்கிறது. நான் சொன்ன அதே நான்கு ஊர்கள், ஆறு பல்கலைக்கழகங்கள். ஒரே ஊரில் இருந்து படிக்க வேண்டுமென்றால் ஸ்டாக்ஹோம் கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிலைத்த (சஸ்டெய்னபிள்) நகரத் திட்டமிடல், கோபன்ஹேகனில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தின் நிலைத்த நகரங்கள் முதுகலை, ஹாம்பர்க் ஹாஃபன்சிட்டி பல்கலைக்கழகத்தில் வளத்திறன் (வளங்களை வீணாக்காமல் பயன்படுத்துவது) பற்றிய முதுகலை, வைமார் பௌஹாவுஸ் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய நகரவியல். ஒரே வருடத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு ராட்டர்டாமில் ஐஎச்எஸ் நிறுவனத்தின் நகர மேலாண்மைப் படிப்பு. எல்லாமே ஆங்கிலத்தில்தான்.

தரவரிசைப் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். துறைமுகத் தொழில் பிடிக்குமென்றால் ராட்டர்டாம். பழைய கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகக் கரையையும் அங்கே சிறு தொழில்களுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நெருக்கமான தெருக்களில் கலந்து கிடக்கும் தொழில் என்றால் பிரசெல்ஸ்.

"ஸ்காலர்ஷிப் எவ்வளவு? எல்லாருக்கும் கிடைக்குமா?"

எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கல்விக் கட்டணம் தனியாக இல்லை. ஆனால் விமானக் கட்டணம், விசா, வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அந்த 1,400-க்குள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை காலம். இந்திய மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் நிறையப் பேர் வாங்குகிறார்கள். விண்ணப்பிப்பவர்களும் அதைவிடப் பல மடங்கு.

ஒன்று கவனியுங்கள்: எல்லாப் படிப்புக்கும் எல்லா வருடமும் உதவித்தொகை இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு படிப்புக்கும் குறிப்பிட்ட சில வருடங்களில் சேரும் மாணவர் அணிகளுக்கு மட்டும் நிதி தருகிறது. நீங்கள் சேரும் வருடத்துக்கு நிதி உண்டா என்று முதலில் கேட்டு எழுதுங்கள்.

"எஸ்ஓபி-ல என்ன எழுதணும்? சின்ன வயசிலேர்ந்தே இயற்கை மேல ஆர்வம்னு ஆரம்பிக்கலாமா?"

வேண்டாம். எஸ்ஓபி என்பது ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் கடிதம்; எல்லோரும் அதை அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்து பாருங்கள். தரைத்தளத்தில் என்ன தொழில், மேலே யார் குடியிருக்கிறார்கள், சரக்கு எந்த நேரம் வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று எழுதுங்கள்.

நான் எழுதியது எங்கள் வீட்டைப் பற்றி. கோவை கணபதியில் கீழே அப்பாவின் லேத் பட்டறை, மேலே நாங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று மணி வரை பாட்டி தூங்கும் நேரம் என்று அப்பா லேத்தை நிறுத்திவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் பில் எழுதுவார், பிசிறு தட்டி ஓரமாகச் சேர்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பழகிவிட்டார்கள். மேலே சொன்ன ஜெர்மன் சட்டம் டெசிபெல் கணக்கில் செய்வதை எங்கள் சந்து பேசிப் பேசித் தீர்த்திருந்தது என்று எழுதினேன். நேர்காணலில் முழுக்க அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"ஏம்மா, பொம்பளப் பிள்ளையைத் தனியா நாலு நாடு அனுப்பலாமா?"

ஒரு தங்கையின் அப்பா கேட்டது. தாராளமாக அனுப்பலாம் ஐயா. ஒரே அணியாக இருபது, முப்பது பேர் ஊர் ஊராகச் சேர்ந்தே போகிறோம். இரண்டாவது மாதத்திலேயே அது குடும்பம் மாதிரி ஆகிவிடும். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் ஒரு கொலம்பியப் பெண்ணும் ஒரு வியட்நாம் பையனும் மாறி மாறிச் சூப் வைத்துக் கொடுத்தார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நவம்பரில் நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த முதல் குளிர்காலம் மனசை அழுத்தும். தினமும் வீட்டில் பேசச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடக்கச் சொல்லுங்கள்.

"நாலு நாட்டுக்கும் நாலு விசாவா?"

படிப்பைப் பொறுத்தது. 2016-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஓர் உறுப்பு நாட்டின் மாணவர் அனுமதி கையில் இருந்தால், பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒப்பந்தம் உள்ள படிப்புக்காக இன்னொரு உறுப்பு நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த விதியில் சேரவில்லை. ஆகவே கோபன்ஹேகனுக்குத் தனி அனுமதி வேண்டும். அதற்கான வேலையை முந்தைய ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். எனக்கு ஓர் அலுவலகத்தில் அட்டை ஏழு வாரம் தாமதமாகி, அண்ணன் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது. இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

ஊரிலிருந்து கிளம்பும் முன் பிறப்புச் சான்று, பட்டச் சான்று இரண்டையும் வெளியுறவுத் துறை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றுக்கு மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். பெல்ஜியத்துக்குப் போலீஸ் சான்றும் மருத்துவச் சான்றும் உண்டு. ஜெர்மனி என்றால் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்று (நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம். வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்டவும் வேண்டும்.

"ரூம் எப்படிப் பிடிக்கிறது? இங்கேருந்தே அட்வான்ஸ் அனுப்பலாமா?"

பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். 400 யூரோ அனுப்பி ஏமாந்த பிறகு சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் விடுதியிலோ சீனியர் அறையிலோ தங்கி, நேரில் பார்த்துப் பிடியுங்கள். பல்கலைக்கழக விடுதிக்கு, இடம் உறுதியான அன்றே எழுதுங்கள்.

பிரசெல்ஸில் வீட்டுக்குக் குடிபோனதும் உள்ளூர் நகராட்சியில் பதிய வேண்டும். பிறகு ஏரியா போலீஸ்காரர் ஒருவர் நேரில் வந்து நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்களா என்று பார்ப்பார். காலிங்பெல்லில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். 'சுப்புலட்சுமி பழனிசாமி' என்பது போல நீளமான பெயரென்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சின்ன எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், சுருக்காதீர்கள். வியன்னாவில் குடிபோன மூன்று நாளுக்குள் பதிய வேண்டும்.

"இங்கிலீஷ் போதுமா, பிரெஞ்சு ஜெர்மன் எல்லாம் படிக்கணுமா?"

பாடத்துக்கு ஆங்கிலம் போதும், ஐஇஎல்டிஎஸ் 6.5 அல்லது 7 கேட்பார்கள். பட்டறைக்குள் போகப் போதாது. மரம் இழைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். "வணக்கம், மாணவி, ஐந்து நிமிடம் பேசலாமா, இந்த மெஷின் என்ன செய்யும்?" என்கிற அளவுக்கு பிரெஞ்சு கற்றுக்கொண்டு போனேன். கதவு திறந்தது.

"ஃபீல்ட் ஒர்க்னா என்ன பண்ணுவீங்க? சும்மா சுத்திப் பாக்கிறதா?"

முதல் மாதமே தெருவில் இறக்கிவிட்டார்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது பிரசெல்ஸின் ஹேவார்ட் தெரு. கால்வாயை ஒட்டிய பழைய தெரு. இரண்டு பக்கமும் உயரமான கூடங்கள், உள்ளே வரிசை வரிசையாகப் பழைய கார்கள். ஐரோப்பாவில் ஓடித் தேய்ந்த கார்களை இங்கே வாங்கி, ஆன்ட்வெர்ப் துறைமுகம் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். நாங்கள் போன காலையில் ஒருவர் ஒரு வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அதற்குள் ஃபிரிட்ஜ், டயர், சுருட்டிய மெத்தை, ஒரு தையல் மெஷின் என்று இண்டு இடுக்கு விடாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு குழந்தை சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி ஜன்னலோரம் செருகினார். வண்டியைக் காலியாக அனுப்பினால் கப்பல் கூலி வீண் என்றார்.

மூன்று நாளும் கதவு கதவாக எழுதுவதுதான் எங்கள் வேலை. தரைத்தளத்தில் என்ன தொழில், கதவின் அகலம், கூரை உயரம், லாரி உள்ளே திரும்புமா, தெருவில் நின்று இறக்குகிறதா, மேல்மாடியில் வீடு உண்டா. எளிய வேலை மாதிரி இருக்கும். மூன்றாவது நாள் வரைபடத்தில் நிறம் தீட்டியபோதுதான் தெரிந்தது: கார் வியாபாரத்தோடு மெக்கானிக், டயர் கடை, கப்பல் முகவர், சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரு கொடி போலப் பின்னிக்கிடந்தன. புதிதாகக் குடியேறி வருகிறவருக்கு, மொழி தெரியாமலேயே மறுநாள் வேலை கிடைக்கும் தெரு அது.

நகர நிர்வாகத்துக்கு அந்த வியாபாரத்தை நகர்த்தி, வீடும் பூங்காவும் கொண்டுவர எண்ணம். அங்கே குடியிருப்பவர்களுக்குப் புகையும் நெரிசலும் உண்மையான துன்பம்தான். நடைபாதையில் கார் நிற்க, குழந்தையின் தள்ளுவண்டியை ரோட்டில் இறக்கித் தள்ளும் அம்மாக்களைப் பார்த்தேன். என் கருத்து: கார்களை நிறுத்தி வைத்து விற்கும் வியாபாரம் துறைமுகப் பக்கம் போகட்டும், பழுது பார்க்கும் கைகள் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"வியன்னால பிஸ்கட் ஃபேக்டரி சூட்டுல வீடு சூடாகுதாமே, நிஜமா?"

நிஜம். ஹெர்னால்ஸ் பகுதியில், வீடுகளுக்கு நடுவிலேயே மானர் வேஃபர் ஆலை இருக்கிறது. 1890-இல் தொடங்கிய நிறுவனம். இடம் பக்கவாட்டில் இல்லாததால் உற்பத்தியை மாடி மாடியாக அடுக்கினார்கள். அடுப்புகளின் கழிவு வெப்பம் நகரின் வெந்நீர்க் குழாய் வலைக்குப் போய், சுற்றியுள்ள சுமார் 600 வீடுகளையும் கடைகளையும் சூடாக்குகிறது. தெருவில் நின்றால் ஹேசல்நட்டும் சாக்லேட்டும் கலந்த மணம் வரும்.

இது தானாக நடக்கவில்லை. வியன்னா 2017-இல் 'உற்பத்தி நகரம்' என்று ஒரு திட்டம் போட்டு, எங்கே தொழில் மட்டும், எங்கே தொழிலும் வீடும் கலந்து என்று வரைபடத்தில் பிரித்து வைத்தது. 'இன்னும் கொஞ்ச நாளில் இங்கே அடுக்குமாடி வரும்' என்ற நம்பிக்கை நில உரிமையாளருக்கு இல்லாமல் போனால்தான் பட்டறை வாடகை ஏறாமல் இருக்கும்.

"பழைய ஃபேக்டரியை ஆர்ட் சென்டரா மாத்துறாங்களே, அதுவும் சஸ்டெய்னபிலிட்டிதானே?"

கட்டடத்தை இடிக்காமல் காப்பது நல்லதுதான். ஆனால் இரண்டு இறைச்சிக் கூடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்ரிட்டின் மாததேரோ ஒரு காலத்தில் ஊரின் ஆடுமாடு வெட்டும் இடம். 2006 முதல் கலை வளாகம். அழகான செங்கல் கூடங்கள், நாடகம், திரைப்படம், காபி. எனக்கும் மிகவும் பிடித்த இடம். ஆனால் அங்கே இன்று இறைச்சி வேலை செய்த கைகளுக்கு வேலை இல்லை.

பிரசெல்ஸின் ஆண்டர்லெக்ட் அபாத்வார் 1890-இல் திறந்தது. வாசலில் இரண்டு வெண்கலக் காளைகள், உள்ளே இரும்புத் தூண்கள் தாங்கும் பெரிய கூரை. வெள்ளி, சனி, ஞாயிறு சந்தை. நான் படித்தபோதும் பக்கத்தில் இறைச்சி வெட்டும் தொழில் நடந்துகொண்டுதான் இருந்தது. 2015-இல் எழுந்த புதிய உணவுக்கூடத்தின் மொட்டைமாடியில் 2018-இல் மீன் தொட்டியையும் தக்காளிச் செடியையும் ஒரே நீர்ச் சுழற்சியில் இணைத்த பண்ணை வந்தது. கீழே ஒருவர் கொத்தமல்லிக் கட்டுக்கு விலை கூவிக்கொண்டிருப்பார். ஒரு யூரோவுக்கு மூன்று கட்டு வாங்கிப்போய் ரசம் வைத்திருக்கிறேன். பழைய கட்டடத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் இரண்டாவதைக் காட்டுவேன்.

"கோபன்ஹேகன் 2025-ல கார்பன் நியூட்ரல் ஆயிடுச்சாமே?"

ஆகவில்லை. ஊர் வெளியிடும் கரியமில வாயுவின் நிகர அளவைப் பூஜ்ஜியமாக்கும் அந்த இலக்கை 2012-இல் வைத்தார்கள். 2022-இல், 2025-க்குள் எட்ட முடியாது என்று நகரமே சொல்லிவிட்டது. அமாகர் பக்கே என்ற குப்பை எரிக்கும் ஆலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் திட்டத்தை நம்பியிருந்தார்கள். அதற்கு அரசு நிதி கிடைக்கவில்லை. கூரையில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்களே, அதே ஆலைதான்.

இதனால் அந்த ஊரை மட்டமாக நினைக்காதீர்கள். ஊரின் கிட்டத்தட்ட எல்லா வீடுகளும் ஒரே வெந்நீர்க் குழாய் வலையில் இருக்கின்றன. அது பெரிய சாதனை. ஆனால் கணக்கில் இன்னொன்றையும் சேருங்கள். கார்ல்ஸ்பெர்க் 2008-இல் பீர் உற்பத்தியை வேறு ஊருக்குக் கொண்டுபோனது; கப்பல் கட்டிய பெரிய நிறுவனம் 1996-இல் நொடித்துப்போனது. தொழிலை வெளியே அனுப்பிவிட்டு ஊருக்குள் புகை குறைந்தது என்று சொன்னால், அந்தப் புகை இப்போது எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

"அங்கேயே ஃபேக்டரி எல்லாம் மூடுறாங்க. அப்புறம் எதுக்கு இதைப் படிக்கணும்?"

பிரசெல்ஸின் ஃபோரெஸ்ட் பகுதியில் 1949 முதல் கார் செய்துவந்த ஆலை, கடைசியாக ஆவுடி (Audi) நிறுவனத்தின் கையில் இருந்தது, 2025 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுமார் 3,000 பேருக்கு வேலை போனது. அங்கே செய்துகொண்டிருந்தது மின்சாரக் கார். 'பசுமைத் தொழில் என்றால் பாதுகாப்பு' என்று நினைத்திருந்த பலரையும் அது உலுக்கியது.

இதற்காகவேதான் படிக்க வேண்டும். ரயில் பாதை ஒட்டிய, ஊருக்குள் இருக்கும் அவ்வளவு பெரிய இடம் அடுத்து என்ன ஆகும்? மறுபடி தொழிலா, வீடா, கிடங்கா? இந்தக் கேள்விக்கு விவரம் தெரிந்து பதில் சொல்கிறவர்கள் குறைவு.

"பார்ட் டைம் வேலை பார்த்து சமாளிக்கலாமா?"

கைச்செலவைச் சமாளிக்கலாம், வாடகையை முழுக்கச் சமாளிக்க முடியாது. பெல்ஜியத்தில் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி. நெதர்லாந்தில் 16 மணி, அதுவும் முதலாளி அனுமதி வாங்கித் தர வேண்டும். டென்மார்க்கில் மாதம் 90 மணி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழு நேரம். ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள். ஊர் ஊராக மாறும் படிப்பில் ஒரு வேலை பிடித்து நிலைக்கும் முன் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள், அதையும் யோசியுங்கள்.

"தீசிஸ் கோயம்புத்தூர்ல பண்ணலாமா? ஐரோப்பாவைப் பத்தித்தான் எழுதணுமா?"

வழிகாட்டி ஒப்புக்கொண்டால் பண்ணலாம். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு பம்ப் எங்கெங்கே போகிறது என்று பின்னாலேயே போனேன். ஒரு ஃபவுண்டரியில் வார்ப்பு, அடுத்த தெருவில் கடைசல், இன்னோர் இடத்தில் காயில் சுற்றுவது, வேறோர் இடத்தில் பெயிண்ட். எல்லாவற்றுக்கும் நடுவில் குட்டியானை வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவில் மாநாடு போட்டுத் திரும்பக் கொண்டுவர நினைக்கும் நெருக்கம் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதைப் பார்த்துப் பூரித்துப்போய் எழுதிவிடாதீர்கள். வார்ப்பு மணல் கழிவு எங்கே கொட்டப்படுகிறது, தூசி உறிஞ்சும் வசதி உண்டா, வேலை செய்பவரின் காதும் நுரையீரலும் என்ன ஆகின்றன என்று எழுதாத ஆய்வு அரைகுறை. என் முதல் வரைவில் இது இல்லை; என் அப்பா தொழில் என்பதால் கண்ணில் படவில்லை. வழிகாட்டி திருப்பி அனுப்பினார். அதன் பிறகுதான் அப்பாவுக்கு ஒரு காதில் சரியாகக் கேட்பதில்லை என்பதையே கவனித்தேன்.

புள்ளிவிவரம் கிடைக்காது, அதற்குத் தயாராக இருங்கள். பதிவில்லாத ஜாப் ஒர்க் யூனிட்கள் எந்தப் பட்டியலிலும் வராது. ஹேவார்ட் தெருவில் செய்த மாதிரி கதவு கதவாகத்தான் எண்ண வேண்டும்.

"முடிச்சா வேலை கிடைக்குமா?"

படித்து முடித்தபின் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தருகிறது. பெல்ஜியம், நெதர்லாந்து, ஆஸ்திரியா 12 மாதம். நகராட்சி வேலைக்கு உள்ளூர் மொழி நன்றாக வேண்டும். இரண்டு வருடத்தில் நான்கு ஊர் மாறியவருக்கு அது கடினம். ஆலோசனை நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள், இடிக்கும் கட்டடத்திலிருந்து கதவு, ஓடு, விளக்கு எல்லாம் கழற்றி மறுபடி விற்கும் நிறுவனங்கள் என்று வாய்ப்பு உண்டு. பிரசெல்ஸில் 'ரோட்டர்' அப்படிப் பெயர் பெற்ற ஒன்று. அங்கேயே தங்குவதுதான் முதல் நோக்கம் என்றால், மேலே சொன்ன ஒரே ஊர்ப் படிப்புகளில் ஒன்றை எடுத்து, முதல் நாளிலிருந்தே மொழி படியுங்கள்.

"ஸ்காலர்ஷிப் கிடைக்கல, ஆனா சீட் கிடைச்சிருக்கு. லோன் போட்டுப் போகலாமா?"

இதைக் கேட்டு வரும் போன்தான் எனக்கு ரொம்பக் கஷ்டம். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். பெரும்பாலும் அது அப்பா அம்மா குடியிருக்கும் வீடு. இந்தத் துறையில் முதல் வேலைச் சம்பளம் மென்பொருள் வேலை மாதிரி இருக்காது. வீட்டை ஈடு வைத்துப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

அதற்குப் பதில் இரண்டு வழி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. ஹாம்பர்க், வைமார் இரண்டும் இந்தக் கணக்கில் வராது. மேலே சொன்ன முடக்கக் கணக்குத் தொகை மட்டும் திரட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் ஊரிலேயே ஒரு பட்டறையிலோ நகராட்சித் திட்டத்திலோ வேலை பார்த்துவிட்டு, அந்த அனுபவத்தோடு மறுபடி உதவித்தொகைக்கு எழுதுங்கள். எனக்கும் முதல் முறை கிடைக்கவில்லை. அப்பா பட்டறையில் ஒரு வருடம் பில் எழுதினேன். இரண்டாவது முறை கிடைத்தது.